கண் நீர் அழுத்த நோய்க்கு லேசர் வைத்த பின் வரும் கண் சிவப்பும் அழற்சியும்: நோயாளிகள் கேட்கும் கேள்விகள்

லேசர் அறைக்கு வெளியே அமர்ந்து, உள்ளே போகிறவர்களுக்கும் வெளியே வருகிறவர்களுக்கும் விளக்கம் சொல்வது என் வேலை. கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி, பாகூர், வில்லியனூர் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறவர்கள் அன்றைக்குத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மறுநாள் காலையில் முகம் பார்க்கும் கண்ணாடியில் கண்ணைப் பார்த்த பிறகுதான் கேள்விகள் பிறக்கும். அப்படி அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் கண்ணைப் பார்த்த மருத்துவர் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே பின்பற்றுங்கள்.

எனக்கு வைத்தது எந்த லேசர்? அதைத் தெரிந்துகொள்வதால் என்ன பயன்?

கண் எவ்வளவு சிவக்கும், எத்தனை நாள் உறுத்தும் என்பது பெரும்பாலும் லேசரின் வகையைப் பொறுத்தது என்பதால், இதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. நம் மருத்துவமனைகளில் கண் நீர் அழுத்த நோய்க்கு (குளுக்கோமா) வைக்கப்படும் லேசர்கள் பொதுவாக மூன்று வகைப்படும். கண்ணின் நீர் வடியும் கோணம் குறுகலாக இருப்பவர்களுக்கு, கண்ணின் நிறத்தைத் தரும் ஐரிஸ் திரையின் ஓரத்தில் யாக் லேசரால் ஒரு நுண்துளை போடுவார்கள், துளை 0.2 மில்லிமீட்டர் அளவு இருந்தாலே நீர் முன்பக்கம் வர வழி கிடைத்துவிடும். கோணம் திறந்திருந்தும், அங்கே நீரை வெளியேற்றும் வடிகால் சல்லடை சரியாக வேலை செய்யாதவர்களுக்கு அந்தச் சல்லடையின் மீதே லேசர் வைப்பார்கள். எஸ்எல்டி என்று சீட்டில் எழுதியிருப்பது இதுதான். மூன்றாவது, சொட்டு மருந்துக்கும் மற்ற சிகிச்சைகளுக்கும் அழுத்தம் கட்டுப்படாதவர்களுக்கு, நீரைச் சுரக்கும் பகுதியை வெண்விழியின் வெளியிலிருந்தே சுட்டுச் சுரப்பைக் குறைக்கும் டயோடு லேசர். இதற்கு மட்டும் கண்ணைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். உங்களுக்கு ஊசி போட்டார்களா, சொட்டு மட்டும் விட்டார்களா என்பதை நினைவுபடுத்திப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

கத்தி படவில்லை, தையல் போடவில்லை. பிறகு ஏன் கண் சிவக்கிறது?

லேசர் ஒளி கண்ணின் மேற்பரப்பைக் கிழிக்காமல் உள்ளே போய், தன் ஆற்றலை இலக்கான திசுவில் இறக்கிவைக்கிறது. ஐரிஸ் திரையில் துளை போடும்போது அந்த இடத்துத் திசு சிதறி, அதிலிருந்த கருநிறத் துகள்கள் கண்ணின் முன்னறையில் உள்ள தெளிந்த நீரில் கலக்கின்றன. சாதாரண நாட்களில், இரத்தத்தில் இருக்கும் புரதமும் வெள்ளணுக்களும் அந்த நீருக்குள் கசியாதபடி ஐரிஸின் இரத்தக் குழாய்கள் ஒரு தடுப்பைக் காத்து வருகின்றன. லேசர் பட்டதும் புரோஸ்டாகிளாண்டின் போன்ற வேதிப்பொருட்கள் வெளிப்பட்டு அந்தத் தடுப்பு சில நாட்களுக்குத் தளர்கிறது; புரதம் கசிகிறது, வெள்ளணுக்கள் வருகின்றன, குழாய்கள் விரிகின்றன. இதையே அழற்சி என்கிறோம். வெளியிலிருந்து கிருமி புகுந்ததால் வருவதன்று இது.

நம் ஊர்க்காரர்களின் கண் அடர்ந்த பழுப்பு நிறம் கொண்டது. ஐரிஸ் தடிப்பாகவும் நிறத்துகள் நிறைந்ததாகவும் இருப்பதால் துளை போடச் சற்று அதிக ஆற்றல் தேவைப்படுகிறது, சிதறும் துகளும் அதிகமாகிறது. நீலக் கண்களைக் கொண்டவர்கள் எழுதிய அனுபவங்களைப் படித்துவிட்டு, அவர்களுக்கு இரண்டே நாளில் சரியாயிற்றே என்று கவலைப்பட வேண்டியதில்லை.

எத்தனை நாள் வரை இருந்தால் அது இயல்பு?

எஸ்எல்டி வைத்தவர்களுக்கு லேசான சிவப்பும் கூச்சமும் முதல் இரண்டு நாட்கள் இருந்து, பெரும்பாலும் 5 நாட்களுக்குள் அடங்கிவிடும். பலருக்கு ஒன்றுமே தெரியாமல் போவதும் உண்டு. ஐரிஸில் துளை போட்டவர்களுக்கு ஒரு வாரம் ஆகலாம். அன்று மாலை புருவத்துக்கு மேல் இழுத்துப் பிடிப்பது போன்ற வலியும், பார்வை மங்கி இருட்டியது போன்ற உணர்வும் வந்தால், அதற்கு லேசரைவிட, கண் பாப்பாவை (கருவிழியின் நடுவில் ஒளி புகும் கரிய துளையை) சுருக்குவதற்காக முன்கூட்டியே விட்ட பைலோகார்பின் சொட்டுதான் காரணமாக இருக்கும். சில மணி நேரத்தில் அது விலகிவிடும். டயோடு லேசர் வைத்தவர்கள் நிலை வேறு. வலியும் சிவப்பும் சில நாட்களுக்கு நன்றாகவே இருக்கும், உள் அழற்சி முழுதாக அடங்கச் சில வாரங்கள் ஆகலாம், சொட்டு மருந்தும் அதற்கேற்ப நீண்ட நாள் தொடரும்.

நாட்களை எண்ணுவதைவிட, போக்கைக் கவனிப்பது மேல் என்று நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு. நேற்றைவிட இன்று சிவப்பும் வலியும் குறைந்திருக்கின்றனவா என்று காலையில் ஒருமுறை, அதே வெளிச்சத்தில், அதே கண்ணாடியில் பாருங்கள். குறைந்துகொண்டே வந்தால் ஆறுகிறது. மூன்றாம் நாளுக்குப் பிறகும் கூடிக்கொண்டு போனால் வந்து காட்ட வேண்டும்.

வெள்ளை விழியில் ஓரிடத்தில் மட்டும் குங்குமத்தைக் கொட்டினாற்போல் அடர் சிவப்பாக இருக்கிறது, ஆனால் வலியில்லை என்றால், லேசர் வைக்கும்போது கண் மீது பொருத்திய கண்ணாடி வில்லை அழுத்தியதில் ஒரு சின்னக் குழாய் கசிந்திருக்கலாம். பார்க்கத்தான் பயமாக இருக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் மஞ்சளாகி மறைந்துவிடும்.

சீட்டில் 'செல்ஸ் 1 பிளஸ்' என்று எழுதியிருக்கிறது. இது என்ன?

ஓட்டு வீட்டுக் கூரையின் சந்து வழியாக உள்ளே விழும் வெயில் கற்றையில் தூசி மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். தாடையைத் தாங்கியில் வைக்கச் சொல்லி மருத்துவர் மெல்லிய ஒளிக்கீற்றை உங்கள் கண்ணுக்குள் சாய்வாகப் பாய்ச்சும்போது அவர் தேடுவதும் அதைப் போன்ற ஒரு காட்சியைத்தான். தெளிந்த நீரில் எதுவும் தெரியக்கூடாது. அழற்சி இருந்தால் வெள்ளணுக்கள் அந்தக் கீற்றில் மினுக்கிக்கொண்டு மேலும் கீழும் நகரும். 1 மில்லிமீட்டருக்கு 1 மில்லிமீட்டர் அளவுள்ள ஒளிக்கீற்றில் 6 முதல் 15 அணுக்கள் தெரிந்தால் அது 1 பிளஸ். 16 முதல் 25 வரை 2 பிளஸ். 26 முதல் 50 வரை 3 பிளஸ். 50க்கு மேல் போனால் 4 பிளஸ். உலகெங்கும் கண் மருத்துவர்கள் இந்தக் கணக்கில்தான் எழுதுகிறார்கள். 'ஃப்ளேர்' என்று எழுதியிருந்தால், கசிந்த புரதத்தால் அந்தக் கீற்று புகை படர்ந்தாற்போல் தெரிகிறது என்று பொருள்.

எனவே முதல் வாரத்தில் 1 பிளஸ் என்பது எதிர்பார்க்கக்கூடிய ஒன்று. அடுத்த முறை அந்த எண் குறைந்திருக்கிறதா என்று நீங்களே சீட்டைப் பார்த்துக் கேளுங்கள்; கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

லேசர் முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் உட்கார வைத்தது ஏன்?

அழற்சி வேறு, அழுத்த உயர்வு வேறு. ஆனால் இரண்டும் ஒரே நாளில் சேர்ந்து வரக்கூடியவை. சிதறிய துகள்களும் புரதமும் வடிகால் சல்லடையில் அடைத்துக்கொண்டால், லேசர் வைத்த ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் கண்ணின் அழுத்தம் திடீரென ஏறலாம். இயல்பாக 10 முதல் 21 வரை இருக்க வேண்டிய அழுத்தம் சிலருக்கு 30ஐத் தாண்டுவதுண்டு. இதைத் தடுக்கத்தான் லேசருக்கு முன்போ பின்போ பிரிமோனிடின் போன்ற சொட்டை விடுகிறார்கள். ஏறிவிட்டதா என்று பார்க்கத்தான் உட்கார வைக்கிறார்கள். ஏற்கெனவே பார்வை நரம்பு நலிந்தவர்களுக்கு அந்தச் சில மணி நேர உயர்வே கெடுதல் செய்யலாம்.

கடலூர் பேருந்தைப் பிடிக்க வேண்டும், மாடு கறக்க வேண்டும், பள்ளிக்கூடம் விட்டுப் பேரன் வந்துவிடுவான் என்று இந்த இடத்தில்தான் பலர் எழுந்து போய்விடுகிறார்கள். இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அடுத்த பேருந்து வரும். இந்த ஒரு மணி நேரத்தைத்தான் பிறகு ஈடுகட்ட முடியாது. அழுத்தம் கூடியிருந்தால் அசெட்டசோலமைடு மாத்திரை தருவார்கள். அதனால் விரல் நுனிகளில் எறும்பு ஊர்வது போல் மதமதப்பு வரும், சிறுநீர் அதிகம் போகும், பயப்பட வேண்டாம். சல்ஃபா மருந்து ஒவ்வாது என்றாலோ சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ மாத்திரையை வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

எந்த அறிகுறி வந்தால் இரவு, பகல் பாராமல் வர வேண்டும்?

கண்ணில் கடும் வலி, அந்தப் பக்கத்துத் தலைவலி, குமட்டல், வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் போல் வளையம் தெரிதல் ஆகியவை சேர்ந்து வந்தால் அழுத்தம் ஏறியிருக்கிறது என்று கொள்ள வேண்டும். பித்தம் என்று சீரகத் தண்ணீர் குடித்து இரவைக் கழித்துவிட்டு, காலையில் வாந்திக்கு ஊசி போட்டுக்கொண்டு, மாலையில் கண் மருத்துவரிடம் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு நாள் தாமதத்துக்கு அவர்கள் பார்வையில் கொடுத்த விலை என் மனத்தைவிட்டு அகலவில்லை. லேசர் வைத்த கண் என்பதை எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

பார்வை முதல் நாளைவிட மங்கிக்கொண்டு போனாலும், வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாதபடி கூச்சம் கூடினாலும் தாமதிக்கக்கூடாது. லேசர் வைத்த கண்ணை மூடிக்கொண்டு நல்ல கண்ணில் மட்டும் வெளிச்சம் படும்போதுகூட மூடிய கண் வலிக்கிறது என்றால் உள் அழற்சி பலமாக இருக்கிறது என்று அர்த்தம். பாப்பா வட்டமாக இல்லாமல் கோணலாகத் தெரிவதும் வந்து காட்ட வேண்டிய அறிகுறியே.

இது மெட்ராஸ் ஐ தானோ? வீட்டில் குழந்தைகளுக்குத் தொற்றுமா?

தொற்றாது. மெட்ராஸ் ஐ என்பது கிருமியால் வருவது. கண் முழுவதும் சிவக்கும், நீரும் பீளையும் வழியும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும், பார்வை பொதுவாகக் கெடாது. லேசருக்குப் பின் வரும் சிவப்பு கருவிழியைச் சுற்றி வளையம் கட்டினாற்போல் இருக்கும், பீளை இருக்காது, வெளிச்சம் கூசும். மெட்ராஸ் ஐ பரவும் பருவத்தில் லேசர் வைத்துக்கொண்டவருக்கு இரண்டும் சேர்ந்தே வரலாம் என்பதால், பீளை தள்ளினால் தொலைபேசியில் கேட்டு முடிவு செய்யாமல் நேரில் காட்டிவிடுங்கள்.

சொட்டு மருந்தை எப்படி விட வேண்டும்?

ஐரிஸில் துளை போட்டவர்களுக்குப் பெரும்பாலும் பிரெட்னிசலோன் அசிடேட் என்ற ஸ்டீராய்டு சொட்டை ஒரு நாளைக்கு நான்கு வேளை, ஏறத்தாழ ஒரு வாரத்துக்கு எழுதித் தருவார்கள். இந்த மருந்து பால் போல் வெள்ளையாக இருக்கும். அசையாமல் வைத்தால் மருந்து அடியில் படிந்து தெளிந்த நீர் மேலே நிற்கும். பாட்டிலைக் குலுக்காமல் விட்டால் நான்கு வேளையும் வெறும் நீரைத்தான் விட்டுக்கொண்டிருப்பீர்கள். நன்றாகக் குலுக்க வேண்டும் என்ற இந்த ஒரு விஷயத்தை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கீழிமையை விரலால் இழுத்தால் ஒரு சிறு பை போல் திறக்கும். அதில் ஒரே ஒரு சொட்டு போதும். ஒரு சொட்டையே கண் முழுதாகக் கொள்ளாது, மிச்சம் கன்னத்தில்தான் வழியும். பாட்டில் நுனி இமை முடியில் படக்கூடாது. விட்டபின் கண்ணை மெல்ல மூடி, மூக்கோரத்தில் கண் முனையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்கு இறங்காமல் கண்ணிலேயே நிற்கும். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் 5 நிமிடமாவது இடைவெளி விடுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத ஓர் அம்மாவுக்கு இரண்டு பாட்டிலும் ஒரே உயரம், ஒரே வெள்ளை மூடி. ஸ்டீராய்டு பாட்டிலின் கழுத்தில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டி, "ரப்பர் போட்டது ஒரு வாரத்தோடு சரி, ரப்பர் இல்லாதது எப்போதும்" என்று சொல்லிக் கையில் கொடுத்தேன். அடுத்த முறை வந்தபோது, வாரம் முடிந்ததும் ரப்பர் போட்ட பாட்டிலைத் தூக்கி எறிந்துவிட்டதாகப் பெருமையோடு சொன்னார். அதன்பிறகு எல்லோருக்கும் அப்படியே செய்து வருகிறேன். நீங்களும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

அந்தச் சொட்டு விட்டதும் கண் குளிர்ந்து வெள்ளையாகிவிட்டது. மிச்சத்தைப் பத்திரமாக வைத்து, உறுத்தும்போது விட்டுக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. இந்தப் பக்கம் முழுவதிலும் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இந்தப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீராய்டு சொட்டு அழற்சியை அடக்கும். அதே மருந்து சில வாரங்கள் தொடர்ந்தால் கண்ணின் அழுத்தத்தை ஏற்றும். பொதுமக்களிலேயே ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஓரளவாவது அழுத்தம் கூடும், 100 பேரில் ஐந்தாறு பேருக்கு மிக அதிகமாக ஏறும் என்பது 1960கள் முதல் அறியப்பட்ட உண்மை. ஏற்கெனவே கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்களிடம் இந்த விகிதம் இன்னும் மிக அதிகம். அழுத்தத்தைக் குறைக்க லேசர் வைத்துக்கொண்டு, அழுத்தத்தை ஏற்றும் மருந்தை நாமே விட்டுக்கொள்வது எவ்வளவு பெரிய கேடு என்று எண்ணிப் பாருங்கள். அந்த உயர்வு வழக்கமாக இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் தொடங்கும். வலிக்காது, சிவக்காது, கண் பார்ப்பதற்கு வெள்ளை வெளேரென்று இருக்கும். உள்ளே நரம்பு கரைந்துகொண்டிருக்கும். நீண்ட நாள் விட்டால் கண்புரையும் வரும்.

என் தாய்மாமன் கண் உறுத்துகிறது என்று மருந்துக் கடையில் கேட்க, கடைக்காரர் சீட்டு எதுவும் கேட்காமல் ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் கலந்த சொட்டு ஒன்றைக் கொடுத்திருக்கிறார். விட்டால் சுகமாக இருக்கிறதே என்று தீரத் தீர வாங்கி விட்டிருக்கிறார் இவரும். எங்களுக்குத் தெரியவந்தபோது ஒரு கண்ணில் ஓரப் பார்வை போயிருந்தது. போன பார்வை திரும்பவில்லை. நான் இந்த வேலைக்கு வந்ததற்கு அவருடைய கண்ணும் ஒரு காரணம். ஆகவே சொல்கிறேன்: குறித்த நாள் முடிந்ததும் பாட்டிலை எறிந்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்காதீர்கள். திறந்து ஒரு மாதம் ஆன எந்தச் சொட்டையும் எப்படியும் விடக்கூடாது.

அதற்காக, பயந்துகொண்டு மூன்றாம் நாளே நிறுத்திவிடவும் கூடாது. ஒரு வாரம் விடுவதால் அழுத்தம் ஏறுவது அரிது. பாதியில் நிறுத்தினால் அழற்சி திரும்புவதுதான் அதிகம். சிலருக்கு நான்கு வேளை, மூன்று வேளை, இரண்டு வேளை என்று படிப்படியாகக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். அந்தக் கணக்கைத் தேதியோடு எழுதி நாட்காட்டியின் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

என்னோடு லேசர் வைத்துக்கொண்ட ஒருவருக்குச் சொட்டே தரவில்லை. எனக்கு மட்டும் ஏன்?

அவருக்கு வைத்தது எஸ்எல்டியாக இருக்கலாம். அந்த லேசரின் ஒவ்வொரு துடிப்பும் ஒரு நொடியின் நூறு கோடியில் 3 பங்கு நேரமே நீடிப்பது. நிறத்துகள் உள்ள அணுக்களை மட்டும் தொட்டுவிட்டுச் சுற்றியுள்ள திசுவைச் சுடாமல் விடுகிறது. தொடப்பட்ட அணுக்கள் அனுப்பும் வேதிச் செய்திகளால் துப்புரவு அணுக்கள் வந்து சல்லடையைச் சுத்தம் செய்வதால்தான் நீர் நன்றாக வடிகிறது என்று கருதப்படுகிறது. அந்தச் சிறிய அழற்சியே சிகிச்சையின் ஒரு பகுதியோ, அதை மருந்தால் அடக்கினால் பலன் குறையுமோ என்ற ஐயம் மருத்துவர்களுக்கு வெகுநாள் இருந்தது. 2019இல் வெளிவந்த சால்ட் என்ற ஆய்வில் ஸ்டீராய்டு சொட்டு, ஸ்டீராய்டு அல்லாத கெட்டோரோலாக் சொட்டு, மருந்தில்லாத சொட்டு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டார்கள். அழற்சியின் அளவில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் 12 வாரம் கழித்து, மருந்துச் சொட்டு விட்டவர்களுக்கே அழுத்தம் கூடுதலாகக் குறைந்திருந்தது. எனவே சிலர் கொடுக்கிறார்கள், சிலர் தேவைப்பட்டால் மட்டும் கொடுக்கிறார்கள், இரண்டுமே தவறில்லை.

அழுத்தத்துக்கு ஏற்கெனவே விட்டுவரும் பழைய சொட்டை நிறுத்திவிடலாமா?

மருத்துவர் சொல்லாமல் எதையும் நிறுத்தாதீர்கள். எஸ்எல்டியின் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை பழைய சொட்டுதான் நரம்பைக் காக்கிறது. ஐரிஸில் போட்ட துளை நீருக்கு வழி விடுமே தவிர, சொட்டுத் தேவையில்லாமல் செய்துவிடும் என்ற உறுதி கிடையாது. அழற்சி பலமாக இருந்தால், அதை மேலும் தூண்டக்கூடிய பைலோகார்பின் போன்ற ஓரிரு மருந்துகளை மருத்துவரே தற்காலிகமாக மாற்றுவார்.

தலைக்குக் குளிக்கலாமா? வேலைக்குப் போகலாமா? மீன் சாப்பிடலாமா?

கண்புரை அறுவைக்குச் சொன்ன பத்தியம் எல்லாவற்றையும் லேசருக்கும் பொருத்தி, ஒரு மாதம் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் இருப்பவர்கள் உண்டு. அது தேவையில்லை. கண்ணில் வெட்டு இல்லாததால் மறுநாளே குளிக்கலாம். சோப்பும் சீயக்காயும் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். மீன், கருவாடு, கத்தரிக்காய் எதுவும் இந்தச் சிவப்பைக் கூட்டாது. சமைக்கலாம், நடக்கலாம், தொலைக்காட்சி பார்க்கலாம், குனிந்து கோலம் போடலாம்.

கவனிக்க வேண்டியது புகையும் தூசியும்தான். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை வறுக்கும் இடங்களில் வேலை செய்கிறவர்கள் அந்தப் புகையிலிருந்து ஒரு வாரமாவது விலகி இருங்கள். ஏற்கெனவே கூசும் கண்ணுக்கு அது பெரும் துன்பம் தரும். விறகடுப்புப் புகையும் அப்படியே. இருசக்கர வண்டியில் போகும்போது கண்ணாடி அணியுங்கள். லேசர் அன்று மட்டும் நீங்களே ஓட்ட வேண்டாம். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ கடலில் மூழ்க வேண்டும் என்று கேட்கிறவர்களிடம், சொட்டு விட்டு முடிந்த பிறகு என்றால் சரி, அதற்கு முன் என்றால் கடல் நீரைத் தலையில் தெளித்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிறேன்.

தாய்ப்பால், நந்தியாவட்டை, பன்னீர், விளக்கெண்ணெய் விடலாமா?

வேண்டாம். இவற்றில் எதுவும் கண்ணுக்குள் நடக்கும் அழற்சியைத் தொடாது. ஆனால் இதுவரை இல்லாத கிருமியைக் கண்ணில் கொண்டுசேர்க்கும். கருவிழியில் புண் வந்தால் அது லேசரால் வந்த சிவப்பைவிடப் பல மடங்கு கடுமையானது. குளிர்ச்சி வேண்டுமானால், சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து மூடிய இமை மேல் சில நிமிடம் வைத்துக்கொள்ளலாம். வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

எனக்குச் சர்க்கரை உண்டு. முன்பு ஒருமுறை கண்ணில் அழற்சியும் வந்திருக்கிறது. சொல்ல வேண்டுமா?

லேசருக்கு முன்பே சொல்ல வேண்டும். முன்பு யுவியைடிஸ் என்னும் உள்கண் அழற்சி வந்தவர்களுக்கு லேசர் அதை மீண்டும் கிளப்பிவிடக்கூடும். அவர்களுக்கு மருந்தை முன்கூட்டியே தொடங்குவதும், லேசரைத் தள்ளிப்போடுவதும், வேறு சிகிச்சையைத் தேர்வதும் உண்டு. காசநோய், மூட்டுவாதம், கண்ணில் அக்கி வந்த வரலாறு எல்லாம் இதில் அடங்கும். வெள்ளநீர் தேங்கும் வயலில் இறங்கி வேலை செய்கிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வந்து, அது ஆறிப் பல வாரம் கழித்துக் கண்ணில் அழற்சி தோன்றுவதுண்டு. 1990களில் மதுரைப் பகுதியில் வெள்ளத்தை அடுத்து இப்படிப் பலருக்கு வந்ததை அங்குள்ள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் வெள்ளம் பார்க்கும் கடலூர் மாவட்டத்துக்காரர்கள் இதை அற்பமாக எண்ணாமல் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை மட்டும் இருந்தால் லேசருக்குத் தடையில்லை.

ஒரு மாதம் ஆகியும் சிவப்பு விடவில்லை, அல்லது சொட்டை நிறுத்தியதும் திரும்பி வருகிறது. இப்போது என்ன செய்வார்கள்?

முதலில் அழற்சி எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள். ஐரிஸ் பின்னால் உள்ள லென்ஸோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பாப்பாவை விரிக்கும் சொட்டைக் கொடுத்து விடுவிக்க முயல்வார்கள். அழற்சியின் கசடு சேர்ந்து லேசர் துளை மூடியிருந்தால் மறுபடி திறக்க வேண்டிவரும். நேர்க்கோடு வளைந்து தெரிகிறது, எழுத்து நடுவில் மங்குகிறது என்றால் விழித்திரையின் மையத்தில் நீர் கோத்திருக்கிறதா என்று, விழித்திரையின் அடுக்குகளைப் படம் பிடிக்கும் ஓசிடி ஸ்கேன் எடுப்பார்கள். இவை எதுவும் இல்லாமல் அழற்சி மட்டும் நீடித்தால், லேசர் அதற்குக் காரணமாக இல்லாமல், உடலில் மறைந்திருந்த நோய் ஒன்றை வெளிக்காட்டிய சந்தர்ப்பமாகவே இருந்திருக்கலாம்; இரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் எழுதுவது அதனால்தான். செலவு வைக்கிறார்கள் என்று நினைத்துத் தவிர்த்துவிடாதீர்கள்.

கண் இப்படிச் சிவந்தால் லேசர் பலிக்கவில்லை என்று பொருளா?

இல்லை. சிவப்புக்கும் பலனுக்கும் நேரான தொடர்பு கிடையாது. பலன் என்பது அழுத்தத்தின் எண்ணிலும், நரம்பின் நிலையிலும், ஓரப் பார்வைப் பரிசோதனையிலும் தெரிவது. இங்கிலாந்தில் நடந்து 2019இல் வெளியான லைட் ஆய்வில், எஸ்எல்டியை முதல் சிகிச்சையாகப் பெற்றவர்களில் 100க்கு 74 பேர் மூன்று ஆண்டுகள் சொட்டு மருந்து இல்லாமலே கட்டுப்பாட்டில் இருந்தார்கள். அவர்களிலும் பலருக்கு முதல் வாரத்தில் கண் கூசியும் சிவந்தும்தான் இருந்திருக்கும்.

அடுத்து எப்போது வர வேண்டும்? எங்கே காட்டலாம்?

பொதுவாக ஒரு வாரத்தில் ஒருமுறையும், 4 முதல் 6 வாரத்தில் ஒருமுறையும் அழைப்பார்கள். முதல் வருகை அழற்சிக்கு, இரண்டாவது அழுத்தத்துக்கு. கண் வெள்ளையாகிவிட்டதே என்று இரண்டாவதற்கு வராமல் விடுகிறவர்கள்தான் அதிகம். ஸ்டீராய்டால் ஏறிய அழுத்தம் பிடிபடுவதோ அந்த இரண்டாவது வருகையில்தான். லேசர் வைத்த இடத்துக்கே போவது சிறந்தது. அவசரம் என்றால் கோரிமேட்டில் உள்ள ஜிப்மர், தவளக்குப்பத்தில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனை, மஞ்சக்குப்பத்தில் உள்ள கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை ஆகியவற்றில் அருகில் இருப்பதற்குச் செல்லுங்கள். போகும்போது லேசர் வைத்த சீட்டையும், இப்போது விட்டுக்கொண்டிருக்கும் எல்லாச் சொட்டுப் பாட்டில்களையும், காலியானதாக இருந்தாலும், ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மருந்தின் பெயர் நினைவில்லாவிட்டாலும் பாட்டிலைப் பார்த்து மருத்துவர் தெரிந்துகொள்வார்.